கையில் கட்டிய கடிகாரம் சாட்சிக் கூண்டில் ஏறினால்: வடசென்னையிலிருந்து சில கேள்விகள்

காசிமேட்டில் மீன் ஏலம் கூறுபவர் கையிலும், துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் கையிலும் இன்று ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. எத்தனை அடி நடந்தார், நாடி எப்படித் துடித்தது, எப்போது தூங்கினார் என்று அது குறித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு குற்ற வழக்கு வரும்போது அந்தக் குறிப்பு யாருக்கு உதவும், யாருக்கு எதிராகத் திரும்பும்? ஜார்ஜ் டவுன் நீதிமன்றப் பக்கம் வழக்காடும் என்னிடம் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் வழக்குக்கான ஆலோசனையை உங்கள் வழக்கறிஞரிடம்தான் பெற வேண்டும்.

வாட்சில் உண்மையில் என்னதான் பதிவாகிறது?

கையின் அசைவை ஒரு உணரி (சென்சார்) அளக்கிறது. அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டு, இத்தனை அடி நடந்தார் என்று வாட்ச் சொல்கிறது. அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ரத்த ஓட்டம் ஏறி இறங்கும்போது திரும்பி வரும் ஒளியின் அளவும் மாறும். அந்த மாற்றம்தான் நாடித்துடிப்பாகத் திரையில் தெரிகிறது. விலை கூடிய மாடல்களில் காற்றழுத்தத்தை வைத்து மாடி ஏறியதைக் கண்டுபிடிக்கும் வசதியும், தோல் வெப்பம் பார்க்கும் வசதியும், ஜிபிஎஸ்ஸும் உண்டு. இவை தவிர, எப்போது சார்ஜ் போடப்பட்டது, எப்போது போனுடன் தொடர்பு விட்டுப்போனது போன்ற சில்லறைத் தகவல்களும் தங்கியிருக்கும். என் அனுபவத்தில், எல்லாரும் நாடித்துடிப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வழக்கைத் திருப்பக்கூடியது இந்தச் சில்லறைத் தகவல்தான்.

வாட்ச் ‘அளப்பது’ குறைவு, ‘கணிப்பது’ அதிகம். அசைவும் ஒளியும் அளவுகள். அடிக் கணக்கும் தூக்கமும் மன அழுத்தமும் கணிப்புகள். நீதிமன்றத்தில் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவிடக் கூடாது.

நொடிக்கு நொடி எல்லாம் பதிவாகுமா?

இல்லை. ஃபிட்பிட் என்ற நிறுவனத்தின் வாட்ச் வகைகள் சாதாரண நேரத்தில் 5 நொடிக்கு ஒருமுறையும், உடற்பயிற்சி முறையில் போட்டால் நொடிக்கு ஒருமுறையும் நாடியைக் குறிக்கின்றன. வேறு பல வாட்சுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் பார்க்கும். இடையில் நடந்தது பதிவில் இருக்காது. அரசு தரப்பு ஒரு வளைகோட்டைத் திரையில் காட்டினால், அந்தக் கோட்டில் உண்மையான புள்ளிகள் எத்தனை, புள்ளிகளைச் சேர்த்து மென்பொருள் வரைந்த கோடு எவ்வளவு என்று கேட்பது குறுக்கு விசாரணையின் முதல் வேலை.

அந்தப் பதிவு எங்கே இருக்கிறது? வாட்சிலா, போனிலா?

மூன்று இடங்களில் இருக்கலாம்: வாட்சுக்குள், அதோடு இணைந்த போன் செயலியில், நிறுவனத்தின் சர்வரில். வாட்சுக்குள் நீண்ட நாள் தங்காது. ஃபிட்பிட்டில் நிமிட வாரியான விவரம் 7 நாளும், நாள் மொத்தக் கணக்கு 30 நாளும்தான் கருவிக்குள் இருக்கும். அதற்குள் போனுடன் சேர்த்துவிட வேண்டும். ஆகவே வாட்சை மட்டும் கைப்பற்றிவிட்டுப் போனை விட்டுவிட்டால் பாதிச் சாட்சியம் போய்விடும்.

சர்வரில் இருப்பதைப் பெறக் காவல்துறை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவில் நோட்டீஸ் அனுப்பலாம். இந்தியாவில் பதிவான நிறுவனம் என்றால் வேலை ஓரளவு எளிது. வெளிநாட்டு நிறுவனம் என்றால், நிறுவனம் தானாகத் தராதபோது, 112-ஆவது பிரிவின்படி நீதிமன்றத்தின் வேண்டுகோள் கடிதம், இரு நாட்டு ஒப்பந்தம் என்று போக வேண்டியிருக்கும். அது வர மாதக்கணக்காகும். அதற்குள் ஜாமீன், குற்றப்பத்திரிகை எல்லாம் முடிந்திருக்கும்.

இதை வைத்து எங்காவது தண்டனை கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், எல்லிங்டன் என்ற ஊரில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்த கொலை. முகமூடி அணிந்த ஒருவன் வீட்டுக்குள் புகுந்து, உடற்பயிற்சி வகுப்பிலிருந்து திரும்பிய மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டான் என்றார் கணவர். மனைவியின் இடுப்பிலிருந்த ஃபிட்பிட் வேறு கதை சொன்னது. வீட்டுக்கு வந்தபின் அவர் 1,217 அடி (காலடி அல்ல, நீள அளவு) தூரம் நடமாடியிருக்கிறார். கணவர் சொன்னபடி நடந்திருந்தால் காரிலிருந்து அவர் இறந்து கிடந்த அடித்தள அறைவரை அதிகம் போனால் 125 அடிதான். அதாவது, கணவர் ‘இறந்துவிட்டார்’ என்று சொன்ன நேரத்துக்குப் பிறகும் அந்தப் பெண் வீட்டுக்குள் உலவிக்கொண்டிருந்தார். 2022-ல் கணவருக்கு 65 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

கிரேக்க நாட்டில் 2021 மே மாதம் ஏதென்ஸ் புறநகரில் நடந்த கொலையிலும் இதே மாதிரிதான். கொள்ளையர் வந்தார்கள், என்னைக் கட்டிப்போட்டார்கள் என்று விமானியான கணவர் சொன்னார். அவர் சொன்ன நேரமும், மனைவியின் கைக்கருவி நாடித்துடிப்பைக் காட்டிய நேரமும் ஒத்துவரவில்லை. அவரது போனின் அசைவுப் பதிவும் அவரைக் காட்டிக்கொடுத்தது. சுமார் ஐந்து வாரத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். 2022-ல் ஆயுள் தண்டனை.

இரண்டு வழக்கிலும் கடிகாரம் ‘இவர்தான் கொன்றார்’ என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ‘இவர் சொல்வது பொய்’ என்றுதான் சொன்னது. ஒருவர் முன்கூட்டியே வாக்குமூலமாக ஒரு நேரத்தைச் சொல்லிவிட்ட பிறகு அதை உடைப்பதில்தான் இதன் பலம் இருக்கிறது.

நிரபராதியைக் காப்பாற்றிய வழக்கு உண்டா?

உண்டு, இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2016-ல் ஒரு பெண் கொல்லப்பட்டபோது, அவருடன் வாழ்ந்தவரைத்தான் காவல்துறை முதலில் கைது செய்தது. அவருடைய ஃபிட்பிட், கொலை நடந்ததாகக் கருதப்பட்ட இரவு நேரத்தில் அவர் பத்துப் பன்னிரண்டு காலடிக்கு மேல் நடக்கவில்லை என்று காட்டியது. விசாரணை வேறு ஒருவரை நோக்கித் திரும்பியது. அவருடைய கூகுள் இருப்பிடப் பதிவு சம்பவ இடங்களோடு பொருந்தியது. 2018-ல் அவர் தண்டிக்கப்பட்டார். அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2021-ல் அதை உறுதி செய்தது.

நம் பக்கத்தில் ‘அன்று இரவு அவன் வீட்டில்தான் தூங்கினான்’ என்று அம்மா சொன்னால் நீதிமன்றம் அதை அவ்வளவாக நம்பாது. பெற்ற தாய் வேறென்ன சொல்வார் என்பார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு முகவரி என்றாலே முதல் சந்தேகம் நம் பிள்ளைகள் மேல் விழுகிற நிலையில், வீட்டார் அல்லாத ஒரு சாட்சி கையிலேயே இருப்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்தச் சாட்சியைப் பத்திரப்படுத்தத் தெரிய வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தியச் சட்டம் இதை ஏற்கிறதா?

ஏற்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் என்று பெயர் சொல்லித் தனிப் பிரிவு கிடையாது. மின்னணுப் பதிவு என்ற பெரிய கூரைக்குள் அதுவும் வந்துவிடுகிறது. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கு விசாரணைகளுக்குப் பழைய சட்டமும், மின்னணுப் பதிவுக்கான அதன் 65பி பிரிவும்தான்.

புதிய சட்டத்தின் திறவுகோல் 63-ஆவது பிரிவு. கருவியிலிருந்து எடுத்த பிரதியையோ அச்சிட்ட தாளையோ நீதிமன்றத்தில் வைத்தால் ஒரு சான்றிதழ் கூடவே வர வேண்டும். அதில் இரண்டு பகுதிகள். பகுதி ஏ-யில் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும். பகுதி பி-யில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். எந்தக் கருவி, அதன் வரிசை எண் என்ன, கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்றெல்லாம் குறிப்பிட வேண்டும். பழைய சட்டத்தில் நிபுணர் பகுதி இல்லை. புதிதாகச் சேர்ந்தது இது, நல்ல சேர்க்கை என்பது என் கருத்து.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2014-ல் அன்வர் வழக்கிலும், 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: பிரதியைக் காட்டினால் சான்றிதழ் கட்டாயம். மூலக் கருவியையே கொண்டுவந்து, அதன் உரிமையாளரே கூண்டில் ஏறி, இது என்னுடையது, இதில் பதிவானது இது என்று சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. சர்வரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் அங்கே சான்றிதழ் தவிர வழியில்லை.

ஹாஷ் மதிப்பு என்கிறார்களே, அது என்ன?

ஒரு கோப்பைக் கணித முறையில் கசக்கிப் பிழிந்தால் கிடைக்கும் நீண்ட எழுத்து எண் கோவை. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை முழுக்க மாறிவிடும். கைரேகை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பற்றிய அன்று எடுத்த கோவையும் நீதிமன்றத்தில் எடுக்கும் கோவையும் ஒன்றாக இருந்தால் இடையில் யாரும் கை வைக்கவில்லை. எஸ்.எச்.ஏ. 256 என்ற முறை சான்றிதழ் படிவத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

ஆனால் ஹாஷ் மதிப்பு ‘மாற்றப்படவில்லை’ என்று மட்டுமே சொல்லும். உள்ளே இருப்பது சரி என்று சொல்லாது. தவறாகக் கணித்த வாட்சின் தவறையும் அது பத்திரமாகக் காப்பாற்றித் தரும்.

காவல்துறை வாட்சைக் கைப்பற்றும்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் கைப்பற்றுதல் மகஜர், அதாவது எதைக் கைப்பற்றினார்கள் என்று சாட்சிகள் முன் எழுதும் பதிவு. மாடல், நிறம், வரிசை எண், அப்போது திரையில் காட்டிய நேரம், உண்மையான நேரம், சார்ஜ் எவ்வளவு இருந்தது, கையிலிருந்து கழற்றியதா மேசைமேல் இருந்ததா எல்லாம் எழுதப்பட வேண்டும். ‘கறுப்பு நிற வாட்ச் 1’ என்று எழுதிய மகஜர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் பிறகு எந்தக் கறுப்பு வாட்சையும் அந்த இடத்தில் வைக்கலாம்.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பட்டியல் தயாரிப்பதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். தாமதமின்றி அது மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். காவலரின் செல்போனிலேயே எடுக்கலாம். 193-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: மின்னணுக் கருவி யார் யார் கைமாறி வந்தது என்ற வரிசையைக் குற்றப்பத்திரிகையிலேயே சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு காவல் நிலைய அலமாரியிலிருந்து மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு கைமாற்றமும் தேதியோடு இருக்க வேண்டும்.

தொழில்நுட்பரீதியாக முக்கியமானது, வாட்சையும் போனையும் வெளித்தொடர்பு இல்லாமல் செய்வது. இல்லையென்றால் தொலைவிலிருந்து அழித்துவிடலாம். அழிக்காவிட்டாலும் அலமாரியில் இருந்தபடியே போனுடன் இணைந்து புதிய தகவலை எழுதிக்கொண்டிருக்கும். அலைகளைத் தடுக்கும் ஃபாரடே பையில் போட வேண்டும் என்பது இதற்காகத்தான். காவலர் ஒருவர் ஆர்வத்தில் அதைத் தன் கையில் கட்டிப் பார்த்தால் அவருடைய அடிக் கணக்கும் சேர்ந்துவிடும். சிரிக்க வேண்டாம், ஒவ்வொரு வாட்ச் வழக்கிலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அது.

ரோந்தில் வருபவர்கள் தெருவில் நிறுத்தி வாட்சைக் கழற்றிக் கொடு என்றால்?

குற்றத்தோடு தொடர்பு உண்டு என்ற சந்தேகம் இருந்தால் அதே நடைமுறைச் சட்டத்தின் 106-ஆவது பிரிவில் பொருளைக் கைப்பற்ற அதிகாரம் இருக்கிறது. உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கும் கடமையும் இருக்கிறது. கையைப் பிடித்து இழுபறி வேண்டாம். எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். எழுதிய ரசீது கேளுங்கள். தராவிட்டால் இடம், நேரம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, பதிவுத் தபாலில் உயரதிகாரிக்கு ஒரு புகார் அனுப்பிவையுங்கள். அந்தத் தபால் ரசீதுதான் நாளைக்குப் பேசும்.

கடவு எண்ணைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

சர்ச்சை தீராத இடம் இது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(3) பிரிவு. 1961-ல் கதி காலு ஓகட் வழக்கில் கைரேகை போன்றவை இந்தப் பாதுகாப்பில் வராது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2010-ல் செல்வி வழக்கில், மருந்து செலுத்திப் பேச வைக்கும் நார்கோ சோதனை போன்றவற்றைச் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்றது. மனத்துக்குள் இருப்பதை வெளியே இழுப்பது வேறு, உடலில் இருப்பதைப் பதிவெடுப்பது வேறு என்பதே இரண்டுக்கும் இடையிலான கோடு. நினைவில் வைத்திருக்கும் கடவு எண் மனத்துக்குள் இருப்பது என்பதே என் வாதம். விரல் வைத்துத் திறக்கும் போனுக்கு அதே வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது.

கடிகாரத்தில் ஏற்கெனவே பதிவான நாடித்துடிப்பு இந்தப் பாதுகாப்பில் வருமா? கடினம். அது யாரும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைத்தது அல்ல. 2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஆனபின், உடல்நலத் தகவலைத் தேவைக்கு மேல் தோண்டுவதை எதிர்க்கலாம். ஒரு இரவின் இரண்டு மணி நேரம்தான் வழக்கு என்றால், இரண்டு ஆண்டுகளின் தூக்கக் கணக்கு காவல்துறைக்கு எதற்கு?

வாட்ச் என்னுடையதுதான். ஆனால் அன்று நான்தான் கட்டியிருந்தேன் என்று எப்படிச் சொல்வார்கள்?

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். சாதாரண வாட்சுக்குக் கை தெரியும், ஆள் தெரியாது. அண்ணன் வாட்சைத் தம்பி கட்டிக்கொண்டு போவது எந்த வீட்டில் நடக்கவில்லை? ஆகவே கட்டியவர் யார் என்பதை வேறு சாட்சியம் கொண்டுதான் நிரூபிக்க வேண்டும்: சிசிடிவி காட்சி, அந்த நேரத்தில் அதே போனில் பேசிய அழைப்பு, திரைப்பூட்டு திறந்த பதிவு.

இங்கிலாந்தில் 2015-லும் 2018-லும் நடந்த இரண்டு நிழலுலகக் கொலைகளில் ஒருவர் மாட்டியது இப்படித்தான். அவர் வீட்டில் கிடைத்த கார்மின் ஓட்டக் கடிகாரத்தில், முதல் கொலைக்குச் சுமார் மூன்று மாதம் முன்பு கொலையுண்டவரின் வீட்டுப் பக்கம் போய்வந்த பாதை பதிவாகியிருந்தது. வேவு பார்த்த பாதை அது. அந்தக் கடிகாரம் அவருடையதுதானா? அதே ஆண்டு மான்செஸ்டரில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டப் போட்டியில் அவர் ஓடிய புகைப்படத்தில் கையில் அந்த மாதிரிக் கடிகாரம் இருந்தது. 2019-ல் வாழ்நாள் முழுவதும் வெளிவர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜிபிஎஸ் கோட்டை அவர் கையோடு சேர்த்துக் கட்டியது அந்தப் படம்.

சம்பவ நேரத்தில் நாடித்துடிப்பு 150 என்று காட்டினால் குற்றம் செய்தார் என்று ஆகிவிடுமா?

ஆகாது. நம் ஊரில் மாலை நேரத்தில் குத்துச்சண்டைப் பயிற்சி செய்யும் பையனுக்கு 150 சாதாரணம். சண்டை போட்டவனுக்கும் 150, சண்டையைக் கண்டு ஓடியவனுக்கும் 150, கடைசி ரயிலைப் பிடிக்க வண்ணாரப்பேட்டை படிக்கட்டில் ஏறியவனுக்கும் 150. துடிப்பு ஏறியது உண்மை. ஏன் ஏறியது என்பது வாட்சுக்குத் தெரியாது.

அடிக் கணக்கும் அப்படியே. மீன்பாடி வண்டி மிதிப்பவரின் கை கைப்பிடியிலேயே இருப்பதால் கொருக்குப்பேட்டையிலிருந்து மூலக்கொத்தளம்வரை மிதித்தாலும் வாட்சில் அடி ஏறாது. ‘அசையாமல் உட்கார்ந்திருந்தார்’ என்று அது சொல்லும். தள்ளுவண்டி தள்ளுபவருக்கும் இதே கதை. மாறாக, விசைப்படகில் நின்ற இடத்திலேயே வலை இழுப்பவர் நடந்ததாகக் கணக்கு காட்டலாம். தொழில் தெரியாத நிபுணர் எழுதிய அறிக்கையை, தொழில் தெரிந்தவரை வைத்துத்தான் மறுக்க வேண்டும்.

பர்மா பஜாரில் வாங்கிய மலிவு வாட்சின் பதிவு செல்லுமா?

சட்டம் விலை பார்ப்பதில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பார்ப்பார். மலிவு வாட்ச் சிலவற்றை வாழைப்பழத்தில் கட்டினாலும் நாடித்துடிப்பு காட்டும். திரும்பி வரும் ஒளியில் ஏதாவது ஒரு ஏற்ற இறக்கத்தைப் பிடித்து எண்ணாக்கிவிடும். விலை கூடிய வாட்சும் இதற்கு முழுக்க விதிவிலக்கு அல்ல. தளர்ந்த பட்டை, வியர்வை, பச்சை குத்திய தோல் எல்லாம் கணக்கைக் குழப்பும். வாழைப்பழச் சோதனையை நீதிமன்றத்தில் செய்து காட்ட ஆசைதான், இன்னும் வாய்ப்பு வரவில்லை.

அறிக்கையில் உள்ள நேரம் சம்பவ நேரத்தோடு ஒத்துப்போகவில்லையே?

முதலில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பல செயலிகள் உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கின்றன. அறிக்கையில் 14-ஆம் தேதி 20:45 என்று இருந்தால் நமக்கு அது 15-ஆம் தேதி அதிகாலை 2.15. தேதியே மாறிவிடுகிறது. யாரோ மாற்றிக் கணக்கிடாமல் விட்டதால் ஒருவர் சம்பவ இடத்தில் ‘இருந்தவர்’ ஆகலாம், ‘இல்லாதவர்’ ஆகலாம். இதையும் பார்த்துச் சரியாக இருந்தால், அடுத்து வாட்சின் கடிகாரமே சரியாக ஓடியதா என்று பாருங்கள். போனோடு சேராமல் பல நாள் கிடந்த வாட்ச் பின்தங்கும். மகஜரில் இரண்டு நேரத்தையும் எழுத வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஜிபிஎஸ் என்னைச் சம்பவம் நடந்த தெருவில் காட்டுகிறது. அவ்வளவுதானா?

வாட்சுக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வாட்சுகள் போனின் இருப்பிடத்தைத்தான் கடன் வாங்குகின்றன. அப்படியானால் அது உங்கள் கை இருந்த இடம் அல்ல, உங்கள் போன் இருந்த இடம். திருவொற்றியூர் கடற்கரை போன்ற திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். மண்ணடி, சவுகார்பேட்டைச் சந்துகளில் செயற்கைக்கோள் அலை சுவரில் மோதி எதிரொலித்து வருவதால் பக்கத்துத் தெருவில் காட்டிவிடும். எந்த மாடியில் இருந்தீர்கள் என்று அது சொல்லாது.

இறந்தவர் கையில் வாட்ச் இருந்தால் இறந்த நேரம் சரியாகத் தெரிந்துவிடுமா?

மற்ற முறைகளைவிடத் துல்லியமாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது, குறிப்பாகச் சென்னையில். உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து இறந்த நேரத்தைக் கணிப்பது மருத்துவர்களின் பழைய முறை. மே மாதத்தில் தகரக் கூரை வீட்டுக்குள் காற்றின் வெப்பமே உடல் வெப்பத்தைத் தொடும்போது உடல் எப்படிக் குளிரும்? பிரேதப் பரிசோதனை அறிக்கையில் பல மணி நேர இடைவெளி போட்டுத்தான் எழுத முடியும். அந்த இடைவெளிக்குள் வாட்சின் கடைசி நாடிப் பதிவு ஒரு நிமிடத்தைச் சுட்டிக்காட்டினால் அது பெரிய உதவி.

ஆனால் நாடிப் பதிவு நின்றது என்றால் இதயம் நின்றது என்றுதான் பொருள் என்று இல்லை. வாட்ச் கழன்றிருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். கழன்றதா என்பதைத் தோல் வெப்பமும் அசைவும் சேர்ந்து சொல்லும். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 2018-ல் நடந்த வழக்கில் ஃபிட்பிட் பதிவு பிற்பகல் 3.20-க்குத் துடிப்பு எகிறி 3.28-க்கு நின்றதைக் காட்டியது. அந்த நேரத்தை வைத்து 90 வயது முதியவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். விசாரணை தொடங்கும் முன்பே அவர் காவலில் இறந்துவிட்டதால் அந்த எட்டு நிமிடக் கணக்கு குறுக்கு விசாரணையைச் சந்திக்கவே இல்லை. அதைப் பெரிய வெற்றிக் கதையாக எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

ராயபுரத்துக்காரர்களுக்கு 1952-ன் ஆளவந்தார் கொலை வழக்கு தெரிந்திருக்கும். தலையில்லாத உடல் ரயில் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடலையும் தலையையும் ஒன்றாக்கி, இது இன்னார் என்று சொல்ல அன்று தடயவியலாளர்கள் உழைத்த உழைப்பு பாடமாகச் சொல்லப்படுகிறது. கடிகாரம் இருந்தாலும் அந்த உழைப்பு தேவைதான்.

என் மேல் தவறு இல்லை. வாட்ச் பதிவு எனக்கு உதவும். என்ன செய்வது?

உடனே செய்ய வேண்டியது: வாட்சைப் போனுடன் ஒருமுறை சேர்த்துவிட்டு, அதன்பின் இரண்டையும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டாம். போனிலிருந்து வாட்சின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். ஆப்பிள் வாட்சில் இணைப்பைத் துண்டித்தால் வாட்சே அழிந்துவிடும். செயலியில் ‘தரவை ஏற்றுமதி செய்’ என்ற வசதி இருந்தால் ஒரு பிரதி எடுத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

வேறு இடத்தில் இருந்தேன் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஆகவே வாட்ச் சொல்வதை வேறொன்றோடு கோத்துக் கொடுங்கள்: துறைமுகத்தில் இரவு வேலைக்கான வருகைப் பதிவு, யுபிஐ-யில் டீக்கு கொடுத்த பணம், மெட்ரோ அட்டை. விசாரணை அதிகாரிக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து இவற்றையும் சேகரிக்கக் கோருங்கள். பிறகு நீதிமன்றத்தில், கேட்டும் எடுக்கவில்லை என்று சொல்ல அந்த மனு வேண்டும்.

பதிவு எனக்கு எதிராக இருந்தால் அழித்துவிடலாமா?

கூடாது. சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் தனிக் குற்றம், 3 ஆண்டுவரை சிறை. அழித்த நேரமும் எங்காவது பதிவாகியிருக்கும்.

கணவரின் வாட்ச் கணக்கை அவருக்குத் தெரியாமல் திறந்து பார்த்தேன். அது செல்லுமா?

இந்திய நீதிமன்றங்கள் ஒரு சாட்சியம் எப்படிக் கிடைத்தது என்பதைவிட, வழக்குக்குப் பொருத்தமானதா, உண்மையானதா என்பதையே பெரும்பாலும் பார்க்கின்றன. 1972-ல் மல்கானி வழக்கில் ரகசிய ஒலிப்பதிவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அனுமதியின்றி மற்றவர் கணக்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உங்கள் மேலேயே ஒரு வழக்காகலாம். அக்கா, மறுபடி திறக்க வேண்டாம், முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அரசு தரப்பு வாட்ச் பதிவைத் தாக்கல் செய்தால் எனக்குப் பிரதி கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 230-ஆவது பிரிவின்படி காவல்துறை ஆவணங்களின் பிரதியை, நீங்கள் ஆஜரான 14 நாளுக்குள் தர வேண்டும். 2019-ல் கேரள வழக்கு ஒன்றில் நினைவக அட்டையின் உள்ளடக்கமும் ஆவணமே, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகல் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் இருந்தால் நகலுக்குப் பதில் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்றது. பிடிஎஃப்-ஆக அச்சிட்ட வரைபடம் போதாது. மூலக் கோப்பைக் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத ஓட்டைகள் மூலக் கோப்பில்தான் தெரியும்.

வாட்ச் பதிவு ஒன்றை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியுமா?

நடைமுறையில் மிகக் கடினம். அது சூழ்நிலைச் சாட்சியம். 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: சங்கிலியின் எல்லாக் கண்ணியும் முழுமையாக இருக்க வேண்டும், குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. மீன்பாடி வண்டியும் குத்துச்சண்டைப் பயிற்சியும் அப்படிப்பட்ட வேறு விளக்கங்கள்தான்.

வழக்கு முடியும்வரை வாட்சும் போனும் திரும்பக் கிடைக்காதா?

இடைக்காலத்தில் கேட்டு மனுப் போடலாம். தடய அறிவியல் அறிக்கை வந்தபின் மனு போட்டால் கிடைக்க வாய்ப்பு கூடும். புகைப்படம் எடுத்து, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். டெலிவரி வேலை செய்பவருக்குப் போன் இல்லையென்றால் பிழைப்பு இல்லை என்பதை மனுவில் எழுதத் தயங்க வேண்டாம்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை.

இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், காவலில் இருப்பவருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. போகும்போது மகஜர் நகல், வாட்சின் பெட்டி, வாங்கிய ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வரிசை எண் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்.